வெள்ளையடித்த தளபதி

ஆகஸ்ட் மாதக் கடைசியில் நிழற்கலைக் கழகத்தில் தளபதிக்கு வெள்ளையடிப்பது வழக்கம்.

தளபதி என்பது ஒரு தலை. பிளாஸ்டரில் வார்த்தது, கழுத்தோடு சரி. எந்த நாட்டுத் தளபதி, எந்தப் போரை நடத்தினார், வென்றாரா தோற்றாரா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. கழகம் தொடங்கிய காலத்தில், வைக்கோல் திணித்த பெட்டிக்குள் படுத்தபடி மாஸ்கோவிலிருந்து ரயிலில் வந்தார் என்பது மட்டும் தெரியும். வந்த புதிதில் மூக்கும் முழியுமாகத்தான் இருந்தாராம். ஆனால் அமைச்சகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களுக்குத் தூசி ஆகாது. அதனால் அவர்கள் வருவதற்கு முன்னால், காவலாளி ஒரு வாளிச் சுண்ணாம்பையும் சுவருக்கு அடிக்கிற மட்டையையும் எடுத்துக்கொண்டு, தாழ்வாரச் சுவரை முடித்த கையோடு தளபதியையும் முடித்துவிட்டுப் போவார். கொடி மாறியது, தேசிய கீதம் மாறியது, தெருப் பெயர்கள் மாறின. வெள்ளையடிப்பது மட்டும் மாறவில்லை.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பூச்சுமேல் பூச்சு பூசினால் முகமே நகரும். முதலில் இமைகள் போயின. பிறகு உதடுகள் ஒட்டிக்கொண்டன, காதுக்குழி தூர்ந்தது. கடைசிவரை எதிர்த்து நின்றது மூக்குதான். அதுவும் ஒரு கோடையில் கன்னங்களோடு சமாதானமாகிவிட்டது. இப்போது தளபதியைப் பார்த்தால், சந்தையில் சாக்குப் பரப்பி விற்கிற குருத் என்கிற காய்ந்த தயிர் உருண்டையை யாரோ பானை அளவுக்குப் பிடித்து மேசைமேல் வைத்ததுபோல இருக்கும்.

இதைக் கழகத்தில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள் இருந்திருக்கலாம்; அவர்கள் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள்.

கிர்கிஸ் நாட்டில் எந்த மூலையில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியராக இருந்தாலும், சில வருடங்களுக்கு ஒருமுறை தலைநகருக்கு வந்து, இந்தத் தளபதியை நிழலிட்டு வரைந்து காட்டித் தகுதிச் சான்று வாங்கிப் போகவேண்டும். அப்படித்தான் தெரெக்-பாஷ் என்கிற மலைக் கிராமத்திலிருந்து சூராகான் வந்து சேர்ந்தாள்.

சூராகான் நாற்பதைத் தாண்டியவள். பள்ளிக்கூடத்தில் அவள் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பாடம்தான். "கண்ணால பாரு, கையால போடு. மனசுல இருக்கிறத வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கோ," என்பாள். மேய்ச்சலுக்குப் போய் வருகிற பிள்ளைகள் அவள் வகுப்பில் உட்கார்ந்து செம்மறியாட்டு ரோமத்தைக் கோடுகோடாகப் போட்டால், தொட்டுப் பார்க்கத் தோன்றும். அந்த வகுப்பறைக்கு ஒரு நல்ல ஜன்னல் உண்டு. அந்த ஜன்னலுக்காகவும் ஒரு கணப்புக்காகவும் அவள் போடாத சண்டை இல்லை.

இப்போது அந்த அறைக்கு ஆபத்து வந்திருந்தது. "சான்றிதழ் வரலேன்னா ஓவிய வகுப்ப நிறுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு, நான் என்னம்மா பண்றது?" என்று தலைமையாசிரியர் கையை விரித்துவிட்டார். உடற்பயிற்சி ஆசிரியர் போலோத் அதற்குள்ளேயே வந்து, ஜன்னலை முழம் போட்டு அளந்துவிட்டுப் போனான். பந்துகளையும் பாய்களையும் அங்கே அடுக்கப்போகிறானாம். ஓவிய நேரத்தில் பிள்ளைகளுக்கு அணிவகுப்புப் பயிற்சியாம். அவன் அளந்துகொண்டிருந்தபோதே சூராகான் பென்சில்களை அள்ளிப் பைக்குள் போட்டாள். அதே வேகத்தில் பஸ் ஏறினாள்.

கழகத்து வாசலில் காவலாளி அப்திகெரிம், முழங்கைவரை சுண்ணாம்போடு நின்றுகொண்டிருந்தார்.

"சுவத்துல சாயாதீங்க தங்கச்சி. காலைலதான் அடிச்சேன். கதவத் தொடாதீங்க. தளபதியயும் தொடாதீங்க, ஒட்டிக்குவாரு."

"தேர்வு எங்கண்ணே?"

"எந்தத் துறை?"

"ஓவியம்தான்."

அப்திகெரிம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஓவியம்னு இங்க ஒரு துறை இல்லையேம்மா," என்றார்.

அது உண்மைதான். நிழல் என்பது வெளிச்சம் படாத இடம், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்திருக்கமாட்டார்கள். அங்கே ஒளித்துறை உண்டு, அரைநிழல் துறை உண்டு, அடர்நிழல் துறை உண்டு. மேசையிலிருந்து பட்டுத் திரும்பித் தாடையின் அடியில் லேசாகத் தெரியுமே ஒரு வெளிச்சம், அதற்கு எதிரொளித் துறை. மேசைமேல் விழுகிற நிழலுக்கு விழுநிழல் துறை. ஒளித்துறைத் தலைவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படாததால், வெளிச்சம் தற்காலிகமாகக் கணக்குப் பிரிவின் பொறுப்பில் இருந்தது. பொருள்களின் மேற்பரப்புக்கும் ஒரு துறை இருந்தது. கம்பளி கம்பளிபோலவும் செம்பு செம்புபோலவும் தெரிய எப்படி வரைவது என்று கற்றுத்தருவது அதன் வேலை. ஆனால் ஆளுக்கொரு விதமாக வரைந்தால் மதிப்பெண் போடுவது எப்படி என்று கேள்வி எழுந்ததால், அந்தத் துறையிலிருந்த கம்பளித் தொப்பி, தோல் சேணம், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கிற செம்புச் சமோவார் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புகாரே இல்லை.

தேர்வுக் கூடத்தில் சூராகானுக்குப் பக்கத்து இடத்தில் மமசாலி என்கிற தெற்கத்தி ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். அடிக்கடி வந்து அடிபட்ட ஆள் என்பது அவர் பென்சில் சீவுகிற நிதானத்திலேயே தெரிந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு துண்டு ரொட்டி வைத்திருந்தார்கள்.

"சாப்பிடக் குடுக்கிறாங்களா? பரவாயில்லையே," என்றாள் சூராகான்.

"திங்க இல்லக்கா. அழிக்க."

"எதை?"

"கரிய. கழகத்த ஆரம்பிச்சவரு லெனின்கிராடுல படிச்சாராம். அங்க ரொட்டிப் பிசிறாலதான் அழிப்பாங்களாம். அதனால இங்க ரப்பர் வெச்சிருந்தா வெளிய அனுப்பிடுவாங்க."

சூராகான் ரொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல தந்தூரி ரொட்டி, நடுவில் பூ முத்திரையோடு. அவள் ஊரில் மட்டுமல்ல, அந்த நாட்டிலேயே யாரும் ரொட்டியைக் கவிழ்த்துக்கூட வைக்கமாட்டார்கள். தரையில் ஒரு பிசிறு விழுந்தாலும் எடுத்து உதட்டிலும் நெற்றியிலும் ஒற்றி, உயரமான இடத்தில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஆகவே அந்தக் கூடத்தில் தேர்வு நடக்கிற விதம் தனி. எல்லோரும் ஒரு கோடு போடுவார்கள், ரொட்டியால் தேய்ப்பார்கள், பிசிறு கொட்டும், உடனே குனிந்து பொறுக்கி நெற்றியில் ஒற்றுவார்கள், நிமிர்ந்து அடுத்த கோடு போடுவார்கள். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர், ஓவியத்தை இவ்வளவு பக்தியோடு செய்யும் மக்களை எங்குமே கண்டதில்லை என்று கண்கலங்கிப் போனாராம்.

சூராகானுக்குக் கை வரவில்லை. கரியைத் தின்பதற்கா ரொட்டி சுட்டார்கள்? பேசாமல் அழிக்கவே தேவையில்லாதபடி வரைந்துவிடுவோம் என்று முடிவு செய்தாள். காவலாளி தேநீர் கொண்டுவந்தபோது அழிப்பானில் பாதியைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டாள்.

பிறகு தளபதியைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், பின்னால் நகர்ந்து பார்த்தாள். தேடியது கிடைக்கவில்லை.

"மமசாலி தம்பி, இவருக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?"

மமசாலி திரும்பாமலேயே உதட்டை மட்டும் அசைத்தார். "தலைவரோட ரூம்ல பழைய படம் ஒண்ணு மாட்டியிருக்கு பாத்தீங்களா? அத மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கணும். நான் மூணு தடவை கோட்டை விட்டேன். இப்ப கண்ண மூடிக்கிட்டே போடுவேன்."

"முன்னாடி ஒரு தலைய வெச்சுட்டு எதுக்குத் தம்பி கண்ண மூடணும்?"

"அக்கா, உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வேண்டும். அதனால்தான் அவள் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். கண்ணால் பார்த்தாள், கையால் போட்டாள். ஜன்னல் வெளிச்சம் உருண்டையின் இடப்பக்கம் பட்டு, மெல்ல மங்கி, சாம்பலாகி, வலப்பக்கம் இருட்டில் இறங்குவதைச் சின்னச் சின்னக் கோடுகளாக அடுக்கினாள். இருட்டின் ஓரத்தில் மேசையின் வெளிச்சம் திரும்பி வந்து தொடுவதையும் விடவில்லை. பூச்சு காய்ந்து வெடித்த இடத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல் இருந்தது; அதையும் போட்டாள். மட்டையின் நார் இழுத்த தடங்கள் காகிதத்தில் சொரசொரவென்று எழுந்து வந்தன. தளபதியின் நிழல் மேசையில் நீண்டு, விளிம்பில் மடங்கி, தரையில் விழுந்திருந்தது. அதையும் தரைவரை இறக்கிவிட்டாள். முடித்தபோது அவளுக்கே திருப்தியாக இருந்தது. இவ்வளவு நல்ல உருண்டையை அவள் வாழ்நாளில் வரைந்ததில்லை.

தேர்வுக் குழு வந்தது. முன்னால் வந்தது கழகத் தலைவர் ஒரோஸ்பெக்கின் மூக்கு. பிறகு ஒரோஸ்பெக் வந்தார். மலைக்கழுகுக்குச் சரியாக அமைந்திருக்கவேண்டிய மூக்கு அது. நடுவில் ஒரு மேடு, அதற்குமேல் ஒரு மரு. அடிக்கடி அரிக்கும் போலிருக்கிறது, பேசும்போதெல்லாம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் அரைநிழல் துறைத் தலைவி நசிபா, மூக்கு என்று சொல்ல அதிகம் இல்லாததால் நழுவி நழுவி இறங்கும் கண்ணாடியை நிமிடத்துக்கொரு முறை தூக்கிவிட்டபடி வந்தாள். கடைசியில் விழுநிழல் துறைத் தலைவர் ஷார்ஷென்.

ஷார்ஷென்தான் முதலில் குனிந்தார்.

"இந்த நிழல் தரைக்கு வந்திருக்கே?"

"விழுந்திருக்குங்க ஐயா," என்றாள் சூராகான்.

"விழலாமா? மேசை விளிம்பு வரைக்கும்தான் என் துறை. தரை கட்டடப் பராமரிப்புல வருது. அவங்க நிழல் வரையறதில்ல. அப்ப இந்தத் துண்டுக்கு யாரு மதிப்பெண் போடுறது?"

அதற்குள் நசிபா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தாள். பிசிறு பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் குனிந்தபடியே நின்றுவிட்டார்கள்.

"மூக்கு எங்கம்மா?"

"அங்க இல்லீங்களே மேடம்."

"எங்க இல்ல?"

சூராகான் தளபதியைக் காட்டினாள். அத்தனை பேரும் தளபதியைப் பார்த்துவிட்டு, பார்க்கக்கூடாததைப் பார்த்தவர்கள்போல அவசரமாகத் திரும்பிக்கொண்டார்கள். மமசாலி மட்டும் தன் படத்திலிருந்த அழகான மூக்கின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

உடனே அதே கூடத்தில் அவசரக் கூட்டம் கூடியது. தேநீரும் எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கும் வந்தன. குற்றவாளி நடுவில் ஒரு முக்காலியில் உட்கார வைக்கப்பட்டாள்.

"மூக்குன்னா சும்மா இல்ல," என்று தொடங்கினாள் நசிபா. "என் துறையில பாதி மூக்குலதாம்மா இருக்கு. மூக்கோட பக்கவாட்டு அரைநிழலுக்குத் தனி விரிவுரையாளர் இருக்காங்க. நுனிக்கு ஒருத்தர் இருக்காரு, அமைச்சரோட மச்சான். நீ பாட்டுக்கு மூக்க எடுத்துட்டேன்னா அவங்கெல்லாம் எங்க போய் நிப்பாங்க? ஒரு பொம்பளயா இருந்துகிட்டு, நாலு குடும்பத்தப் பத்தி யோசிக்க வேணாமா?"

"நான் எடுக்கல மேடம்."

"மூக்கு போனா அதோட விழுநிழலும் போச்சு," என்றார் ஷார்ஷென். "மேலுதட்டுல விழுற மூக்கு நிழல வெச்சுத்தான் நான் டாக்டர் பட்டம் வாங்கினேன்."

"அந்த நிழல நீங்க பார்த்திருக்கீங்களா ஐயா?" சூராகான் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நான் எதுக்குப் பார்க்கணும்? என் வழிகாட்டி பார்த்திருக்காரு. அவரோட வழிகாட்டி தொட்டே பார்த்திருக்காரு."

கடைசியாக ஒரோஸ்பெக் எழுந்தார். அவர் எழுந்தால் பேச்சு நீளும் என்று தெரிந்ததால் காவலாளி இன்னொரு சமோவாரை மூட்டப் போனார்.

"தங்கச்சி, உன் மேல எனக்குக் கோவமில்ல. நீ மலையிலேர்ந்து வந்திருக்க. மலையில எல்லாரும் பார்ப்பாங்க. ஆடு மேய்க்கிறவன் பார்ப்பான், ஆடும் பார்க்கும். பார்க்கிறதுக்கு ஒரு கழகம் எதுக்கு? நாங்க இங்க உக்கார்ந்திருக்கிறது பார்க்கிறதுக்காக இல்ல. பார்த்தது எது, பார்க்காதது எதுன்னு முடிவு பண்றதுக்காக. எனக்கு இந்த வேலை குடுத்தப்ப, 'ஒரோஸ்பெக், எதையும் தொலைச்சுடாதே'ன்னு மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் இந்தக் கட்டடத்துலேர்ந்து ஒரு குண்டூசி தொலைஞ்சதில்ல. மூக்கு தொலைஞ்சதுன்னு நான் எழுதிக் குடுக்கணுமா? யார் பொறுப்புல தொலைஞ்சதுன்னு கேப்பாங்க. அதனால மூக்கு இருக்கு. இருக்குன்னு நிரூபிக்கவும் நான் தயார்."

சொன்னதோடு நிற்கவில்லை. முக்காலியைக் கேட்டு வாங்கி, அதன்மேல் ஏறி, தளபதியின் முன்பக்கம் என்று தோன்றிய இடத்தில் கையை வைத்து, கண்ணை மூடித் தடவினார்.

"இருக்கு," என்றார்.

நசிபாவும் தடவினாள். அவளுக்கு மூக்கு இன்னும் கொஞ்சம் வலதுபக்கம் கிடைத்தது. ஷார்ஷென் சுற்றிப் போய்ப் பின்பக்கம் தடவினார், அவருக்கும் கிடைத்தது. சற்று நேரம் தர்மசங்கடமாக இருந்தது. பிறகு, மூக்கு இருப்பது ஏகமனதாக உறுதிசெய்யப்படுகிறது என்றும், இருக்குமிடம் பின்னர் தெரிவிக்கப்படும் என்றும் தீர்மானம் நிறைவேறியது.

"ஆக, இருக்கிற மூக்க நீ போடல," என்றார் ஒரோஸ்பெக், ஜன்னலோர நாற்காலியில் களைத்துப்போய் உட்கார்ந்தபடி. "சாயங்காலம் வரைக்கும் நேரம் தர்றேன். மூக்க வெச்சுக் குடு, சான்று வாங்கிட்டு ஊர் போய்ச் சேரு. இல்லேன்னா உன் பள்ளிக்கூடத்துக்கு எழுத வேண்டியதுதான்."

சூராகான் கரிக்கோலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மனதில் போலோத்தின் பந்துகள் ஜன்னல்வரை ஏறிக்கொண்டிருந்தன. ஒரு மூக்குதானே, இரண்டு ஓட்டையும் ஒரு முதுகும்தானே, போட்டுத் தொலைத்தால் என்ன? ஆனால் பார்க்காததைப் போட அந்தக் கைக்குப் பழக்கமில்லை. காகிதத்துக்குக் கிட்டே போகும்போதெல்லாம் நின்றுகொண்டது. அவளுக்கு அழுகை வந்தது. தன் கைமேலேயே கோபம் வந்தது. தலைநகரில் இத்தனை பேருக்கு வளைகிற கை, எனக்கு மட்டும் ஏன் இப்படி விறைத்துக்கொள்கிறது என்று நினைத்தாள்.

அப்போதுதான் ஒரோஸ்பெக்குக்கு மூக்கு அரித்தது.

அவர் கையில் தளபதியின் ஈரச் சுண்ணாம்பு இருந்தது. அரிப்புக் கொஞ்சம் பலமானதாக இருந்ததால் நன்றாகவே தேய்த்தார். மேட்டிலிருந்து நுனிவரை, இரண்டு பக்கமும், மருவைச் சுற்றியும் தேய்த்துவிட்டு, போர்சோக்கின் கனத்தில் அப்படியே பக்கவாட்டில் தலை சாய்த்துக் கண்ணயர்ந்தார். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமாக வந்து விழுந்தது. சிவப்பும் வேர்வையும் மறைந்து, சுத்தமான வெள்ளையில் ஒரு மூக்கு, அச்சு அசல் பிளாஸ்டர் மூக்கு, அங்கே இருந்தது.

சூராகான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மேட்டின்மேல் வெளிச்சம், சரிவில் அரைநிழல், மடிப்பில் அடர்நிழல், கீழே மேலுதட்டில் ஷார்ஷென் பட்டம் வாங்கிய அந்த விழுநிழல். எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. கை தானாக நகர்ந்தது.

ஆனால் உருண்டையின் சாம்பலைக் கொஞ்சம் அழித்தால்தான் மூக்குக்கு வெளிச்சம் கொடுக்க முடியும். மிச்சமிருந்த ரொட்டியை எடுத்தாள். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தேய்த்தாள். கறுத்துப்போன பிசிறுகள் மடியில் கொட்டின. அதைக் கீழே தட்ட மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி நெற்றியில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள். கரி நாக்கில் கசந்தது. விழுங்கினாள்.

சாயங்காலம் குழு மறுபடி கூடியபோது ஒரோஸ்பெக் முகம் கழுவி, தெளிவாக வந்திருந்தார். படத்தைப் பார்த்ததும் நசிபா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"பாத்தீங்களா? நான் சொன்ன இடத்துலயே இருக்கு."

"மேலுதட்டு நிழல் அப்படியே என் ஆய்வேட்டுல இருக்கிறதேதான்," என்றார் ஷார்ஷென். தரையில் விழுந்த நிழல்துண்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு முழு மதிப்பெண் போட்டார்.

ஒரோஸ்பெக் படத்துக்குக் கிட்டே வந்தார், தள்ளிப் போனார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவர் கண்கள் பனித்திருந்தன.

"இதுதான்," என்றார். "என்ன ஒரு கம்பீரம். இத்தன வருஷமா, தினம் காலைல எந்திரிச்சதும் நான் பார்க்கிற மூக்கு இதுதான்."

மமசாலிக்கு மட்டும் இருமல் வந்தது. இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

சூராகான் முதல்தரச் சான்றோடு ஊர் திரும்பினாள். போலோத் வகுப்பறையில் அடுக்கியிருந்த பந்துகளைத் தலைமையாசிரியர் முன்னிலையில் எடுத்துக்கொண்டு போனான். ஒரு பந்து மட்டும் போக மனமில்லாமல் படியில் உருண்டு திரும்பி வந்தது. அதை அவள் மேசைமேல் வைத்து, "இன்னிக்கு இதைப் போடுங்க," என்றாள். பிள்ளைகள் போட்டார்கள்.

கழகம் அவள் படத்தை அச்சிட்டு எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பியிருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், பார்த்ததத்தான் போடணும்னு சொல்வீங்கல்ல? இந்த மூக்க நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எங்க டீச்சர்?"

"வெளிச்சம் பட்ட எடத்துல," என்றாள் சூராகான். பொய் சொல்லவில்லைதான். ஆனாலும் அன்று முழுவதும் நாக்கில் கரி கசந்தது. கூடவே, கேட்ட பெண்ணை நினைத்துச் சந்தோஷமாகவும் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல செய்தி. கழகம் எதையும் அப்படி முடியவிடுவதில்லை. படத்தில் இருக்கும் மூக்கு தலையில் சரியாகத் தெரியவில்லை என்று யாரோ ஒரு மாணவன் கேட்டுவைக்க, தலை படத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று ஒரோஸ்பெக் உத்தரவிட்டார். சிற்பி ஒருவர் வந்து, படத்தைப் பார்த்துத் தளபதிக்கு மூக்கு வைத்தார். மேடு, மரு எதையும் விடவில்லை. அடுத்த ஆய்வுக்கு வந்த அமைச்சக அதிகாரி, தளபதியைப் பார்த்தார், ஒரோஸ்பெக்கைப் பார்த்தார், மறுபடி தளபதியைப் பார்த்தார்.

"உயிரோட இருக்கும்போதே தனக்குச் சிலை வெச்சுக்கிறது பழைய காலத்துப் பழக்கம் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரோஸ்பெக் அந்த மாதமே வீட்டுக்குப் போனார். குண்டூசி ஒன்றுகூடத் தொலையவில்லை என்று எண்ணிக் காட்டிவிட்டுத்தான் போனாராம். நசிபா தலைவியானாள். தளபதியின் மூக்கு முன்னாள் நிர்வாகத்தின் தவறு என்று அறிவித்தாள். இப்போது தளபதிக்கு மாதந்தோறும் வெள்ளையடிக்கிறார்கள். மூக்கு மறுபடி கன்னங்களோடு சமாதானமாகிவருகிறது. அந்த மூக்கை வைத்து வாங்கிய சான்றுகள் எல்லாம் செல்லாது, எல்லோரும் திரும்பி வந்து, மூக்கு எப்படி இருக்கவேண்டுமோ அப்படி வரைந்து காட்டவேண்டும் என்று உத்தரவு போனது. எப்படி இருக்கவேண்டும் என்று உத்தரவில் இல்லை.

தெரெக்-பாஷில் போலோத் மறுபடி ஜன்னலை முழம் போட்டான். சூராகான் இந்தமுறை அவசரப்படவில்லை. பென்சில்களைச் சீவி, துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வாசலில் அப்திகெரிம் முழங்கைவரை சுண்ணாம்போடு நின்றிருந்தார். அவளைக் கண்டதும் சிரித்தார்.

"வந்துட்டீங்களா தங்கச்சி? மமசாலி உள்ளதான் இருக்காரு. பழைய மூக்க மறக்க முடியலன்னு அழுதுகிட்டு இருக்காரு. நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

"பார்த்ததப் போடத்தான் வந்திருக்கேன் அண்ணே. நசிபா மேடம் கூட்டத்துல எங்க உக்காருவாங்க?"

"தலைவர் நாற்காலியிலதான். அதே ஜன்னலோரம்."

"கண்ணாடி இன்னும் நழுவுதா?"

"முன்னவிட அதிகமா. தளபதியத் தடவிப் பார்த்த கையாலேயே நிமிஷத்துக்கு ஒருதடவ தூக்கி விட்டுக்கிறாங்க."

சூராகான் தலையை ஆட்டிக்கொண்டு படியேறினாள். கதவுக்குக் கிட்டே போனவள், தொடாமல் நின்று திரும்பினாள்.

"தளபதிக்குப் பூச்சு காஞ்சுடுச்சா அண்ணே?"

"இப்பத்தாம்மா அடிச்சேன். தொட்டா ஒட்டும்."

"நல்லது," என்றாள். "காய விடாதீங்க."